மைக்கில் சொல்லுங்க அய்யா

எஸ்.பி.பட்டினம் முதல் மூக்கையூர் வரை, நம் இராமநாதபுரம் கடற்கரை நிலையங்களில் வேலை பார்க்கும் காவலர்களுக்கும் ஏட்டுகளுக்கும், மரைன் போலீஸில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ஓய்வுபெற்ற சிறப்பு எஸ்.ஐ. (எஸ்.எஸ்.ஐ.) ஒருவரின் வணக்கம்.

போன வாரம் விடியற்காலை எங்கள் ஊர் ஏலக்கூடத்தில் உங்களில் ஒருவரைப் பார்த்தேன். வயது இருபத்துநான்கு இருக்கலாம். பைக் டேங்கின் மேல் ஐஸ் பெட்டி. வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் போய் நின்றார். "அய்யா வீட்டுக்கு" என்று இரண்டே வார்த்தை. அந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கால் ஒடியாத நீலக்கால் நண்டாகப் பொறுக்கி இரண்டு கிலோ நிறுத்துப் போட்டு, மேலே ஒரு கை ஐஸும் அள்ளிப் போட்டார். நண்டு வலை பிரித்தவர்களுக்குத் தெரியும், ஒரு நண்டைக் கால் ஒடியாமல் எடுக்க என்ன பாடு என்று. காசைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

தம்பி பெட்டியை மூடும்போது அவர் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அதைப் பார்த்ததால்தான் இந்த மடல்.

நான் 1984-ல் சேர்ந்தேன். இலங்கையிலிருந்து அகதிகள் படகு படகாக வந்துகொண்டிருந்த நேரம். மண்டபம் முகாம் வாசலில் பந்தோபஸ்து பார்த்தவன். 2023-ல் ஓய்வு. முப்பத்தொன்பது வருடத்தில் எனக்கு வந்த உத்தரவுகளில் பெரும்பாலானவை நல்ல உத்தரவுகள்தான், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். கஜா புயல் வந்தபோது கடலுக்குப் போக விடாதே என்றார்கள். மறித்தோம், எங்கள் அம்மா அக்காளையெல்லாம் இழுத்துத் திட்டினார்கள், மறுபடியும் மறித்தோம். நான் பேச வருவது மிச்சமிருக்கும் சில உத்தரவுகளைப் பற்றி. "இது தப்பு" என்று வயிற்றுக்குள் ஒன்று புரளுமே, அவற்றைப் பற்றி.

"மேலே சொன்னாங்க, செஞ்சேன்" என்பது நம் துறையில் தலைமுறை தலைமுறையாக ஓடும் வசனம். அது யாரைக் காப்பாற்றியிருக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூனில் பக்கத்து மாவட்டத்துத் திருப்புவனத்தில் நடந்தது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நகை காணோம் என்று வாய்ப் புகார். எஃப்.ஐ.ஆர். போடும் முன்பே தனிப்படை போய் மடப்புரம் கோயில் காவலாளியைத் தூக்கியது. அந்தப் பையன், அஜித்குமார், செத்துப்போனான். உடம்பில் 44 காயங்கள். யார் உத்தரவில் தனிப்படை போனது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. உடனே சிறைக்குள் போனது தனிப்படைக் காவலர்கள் ஐந்து பேர். மேலே சொன்னார்கள் என்று வீட்டுப் பெண்கள் கதறினார்கள். இருக்கலாம். ஆனால் சொன்னது எந்தக் காகிதத்தில் இருக்கிறது?

2020-ல் சாத்தான்குளம். தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் இன்ஸ்பெக்டரோடு நிற்கவில்லை, காவலர் வரைக்கும் வந்தது. தூத்துக்குடியில் 2018 மே 22-ல் நடந்த துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையமும் ஐ.ஜி. முதல் காவலர் வரைக்கும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உத்தரவு ஏணியில் மேலிருந்து கீழே வருகிறது. வழக்கு வரும்போது கீழ்ப்படியில் நிற்பவன் கையில்தான் லத்தி இருக்கிறது.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 14-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பழைய இ.பி.கோ. 76-தான், எண் மாறியிருக்கிறது. அதில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு: மேலதிகாரி உத்தரவுப்படி கூட்டத்தின் மீது சுடும் சிப்பாய் குற்றவாளி இல்லை. நம் ஆட்கள் இதுவரைக்கும்தான் படிப்பார்கள். அந்த வாக்கியத்தின் நடுவில் "சட்டத்தின் கட்டளைகளுக்கு இணங்க" என்று ஒரு துண்டு இருக்கிறது. கூட்டத்தைக் கலைக்கும்போது நமக்குப் பாதுகாப்புத் தரும், பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். 151-லும் இதே கதைதான். கீழ்ப்படியக் கடமைப்பட்ட உத்தரவுக்குத்தான் அங்கே குடை. 2011 மே மாதம் போலி என்கவுன்ட்டர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: அப்படிச் செய்யச் சொல்லி மேலதிகாரி உத்தரவிட்டால் மறுப்பது போலீஸ்காரரின் கடமை, மறுக்காவிட்டால் அவர் மீதே கொலை வழக்கு. ஜெர்மனியில் நாஜிகளை விசாரித்தபோது "உத்தரவு உத்தரவுதான்" என்ற வாதம் எடுபடாததையும் நீதிபதிகள் அதில் நினைவுபடுத்தினார்கள்.

அப்படியானால் மனசுக்குப் பிடிக்காததையெல்லாம் மறுத்துவிடலாமா? அதுவும் முடியாது. இங்கேதான் எனக்கே பல வருடம் தெளிவில்லாமல் இருந்தது.

1930 ஏப்ரல் 23, பெஷாவர். ஆயுதம் இல்லாத கூட்டத்தின் மேல் சுட மறுத்தார்கள் கார்வாலி படைச் சிப்பாய்கள். முன்னால் நின்றவர் சந்திர சிங் கார்வாலி. ஆயுள் தண்டனை கிடைத்தது, 1941 வரை சிறை. காந்தி அவர்களைத் தலையில் தூக்கி வைத்திருப்பார் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது, உத்தரவை மீறும் சிப்பாய் எடுத்த உறுதிமொழியை மீறுகிறான் என்றார். நாளைக்கு நாம் ஆட்சிக்கு வந்தால் இதே சிப்பாய்களைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கு மீறக் கற்றுக்கொடுத்தால் அன்றைக்கும் மீறுவார்கள் என்பது அவர் கணக்கு. முதன்முதலில் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நம் மாவட்டத்தை நினைத்தேன்.

வருடா வருடம் செப்டம்பர் 11 பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. தடை உத்தரவு போட்டு, மாவட்டம் முழுக்கச் செக்போஸ்ட். நம்மில் எல்லாச் சாதிக்காரரும் இருக்கிறோம். "அந்த ஆளுங்க ஊர்வலத்துக்கு நான் ஏன் வெயில்ல நிக்கணும்" என்று முணுமுணுத்தவர்களோடு ஒரே வேனில் போயிருக்கிறேன். அப்படி ஒருவன் "என் மனசாட்சி ஒப்பல" என்று தொப்பியைக் கழற்றினால் ஊர் எரியும். அந்த இடத்தில் காந்தி சொன்னதுதான் சரி. 1957-ல் கீழத்தூவல், 2011-ல் பரமக்குடி என்று இரண்டு பக்கமும் போலீஸ் துப்பாக்கியில் ஆள் இழந்த மண் இது. நம் சட்டையில் சாதி தெரிந்தால் அடுத்த நாள் எவனும் ஸ்டேஷன் படி ஏற மாட்டான்.

கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2001-ல் இருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து அதுவும் இருக்கிறது. மூச்சைப் பிடித்து முங்கி எடுக்கிறவன் மாட்டுவான், மொத்தமாக வாங்கி அக்கரைக்கு ஏற்றுகிறவன் மாட்ட மாட்டான். எனக்கு அந்த நியாயம் கடைசி வரை பிடிக்கவில்லை. ஆனாலும் பிடித்தேன், வழக்கில் சாட்சி சொன்னேன். சட்டத்தை மாற்ற வேண்டியது சட்டசபையும் பாராளுமன்றமும், பாரா நிற்கும் காவலர் இல்லை. அதே நாளில், "மஞ்சள் கடத்தல் கேஸ்ல மூணு பேர் பத்தாது, அந்த வேன்காரன் தம்பியையும் கணக்குக்குச் சேத்துக்க" என்று ஒரு அய்யா சொன்னார். அவன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அங்கே என் கை நின்றுவிட வேண்டும். வித்தியாசம் இவ்வளவுதான்: முன்னதில் நான் சட்டத்தின் கை, எனக்குப் பிடிக்காவிட்டாலும். பின்னதில் அந்த அய்யாவின் கை.

சரி, நின்றதா என் கை? எல்லாச் சமயத்திலும் நின்றது என்று சொன்னால் பொய். இதை எழுத மூன்று வருடமாகத் தயங்கியதற்குக் காரணமே அது.

1996, ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நாள்கள். நாட்டுப்படகு என்ஜின் ஒன்று காணாமல் போனது. படகு முதலாளியான சம்மாட்டி செல்வாக்கானவர். முன்பு அவரிடம் வேலை பார்த்த ஒரு பையன் மேல் சந்தேகம், பத்தொன்பது வயது. பொழுது சாயும்போது அழைத்து வந்தார்கள். ரைட்டர் லீவு என்பதால் ஜி.டி. என் கையில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஜெனரல் டைரி என்பது ஒரு நிலையத்தின் மூச்சு. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார், எத்தனை துப்பாக்கி, எல்லாம் மணிவாரியாக அதில் ஏற வேண்டும். அய்யா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "நாலு வரி எடம் விட்டு எழுதுப்பா" என்றார். சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. டீ சொல்வது போலத்தான் சொன்னார்.

விட்டேன். அந்தப் பையன் நிலையத்துக்குள் இருந்தான், புத்தகத்தில் இல்லை.

மறுநாள் காலை அவன் அம்மா தூக்குவாளியோடு வந்து வாசல் உடைமரத்தடியில் உட்கார்ந்தார். "எம்புள்ள உள்ள இருக்கானா தம்பி?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். புத்தகப்படி நான் சொன்னது சரி. அந்த அம்மா படிக்கட்டுப் பக்கம் கையைக் காட்டி, "அவன் செருப்பு கெடக்கேய்யா" என்றார். நீல வார், ஒரு பக்கம் ஊக்கு மாட்டியிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். அன்று முழுக்க அவர் எழுந்து போகவில்லை. தூக்குவாளியும் திறக்கப்படவில்லை.

மூன்றாம் நாள் அந்த நாலு வரி நிரம்பியது. கடற்கரைச் சாலையில் சந்தேகத்துக்கு இடமாக நின்றவரை அதிகாலை 5.30 மணிக்குப் பிடித்ததாக, என் கையெழுத்தில், வரி பிசகாமல். என்ஜின் கிடைக்கவே இல்லை. வழக்கும் நிற்கவில்லை, சில வருடத்தில் விடுதலை. வலது கையில் இரண்டு விரல் அவனுக்கு இன்றைக்கும் மடங்காது. வலை கட்டுகிற ஊரில் விரல் மடங்காதவன் என்ன செய்வான்? ஐஸ் உடைக்கப் போனான்.

நான் அவனை ஓர் அடிகூட அடிக்கவில்லை. இதையே சொல்லிச் சொல்லிப் பல வருடம் தூங்கினேன். அந்த வருட டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தின் டி.கே.பாசு தீர்ப்பு வந்தது, கைது செய்தால் குடும்பத்துக்குச் சொல், நேரத்தை எழுது, மருத்துவரிடம் காட்டு என்று. ஆனால் தீர்ப்புக்கு முன்பும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அரசியல் சாசனத்திலேயே இருந்தது. எனக்குத் தெரியும். பயிற்சிக் கல்லூரியில் மார்க் வாங்கிய கேள்வி அது. ஒருவரைக் காப்பாற்றப் பொய்யாகப் பதிவு எழுதும் அரசு ஊழியருக்கு இன்றைக்கு பி.என்.எஸ். 256-ல் மூன்று வருடம் வரை சிறை. இந்தக் காலத்தில் "பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்" என்று எழுதி மாவுக்கட்டு போட்டோவும் சேர்த்து அனுப்புகிறார்களே, அதை எழுதும் தம்பி இந்தப் பிரிவை ஒரு தரம் படித்துவிட்டு எழுதட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2008. அப்போது நான் ஏட்டு, வேறு நிலையம். பீடி இலை கடத்தல் வழக்கில் ஒருவன் தலைமறைவு. இரவு பதினொன்றரைக்கு அய்யா போனில் வந்தார். அவன் பெண்டாட்டியைக் கூட்டி வந்து உட்கார வை, தன்னால் வருவான் என்றார். நிலையத்தில் பெண் காவலர் கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கைக்குழந்தை என்று எனக்குத் தெரியும். சாட்சியாக விசாரிப்பதாக இருந்தால்கூடப் பெண்களை அவர்கள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், பழைய சி.ஆர்.பி.சி. 160. இப்போது அது பி.என்.எஸ்.எஸ். 179. ஆனால் பிரிவெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு வாயில் வரவில்லை. வந்தது இதுதான்: "மைக்கில் சொல்லுங்க அய்யா, கிளம்பிடுறேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மைக் என்றால் வயர்லெஸ், அதில் சொன்னால் கன்ட்ரோல் ரூம் கேட்கும், மணியோடு பதிவாகும், பக்கத்து நிலையமெல்லாம் காதைத் தீட்டிக்கொள்ளும். பிறகு வந்த வசவை இங்கே எழுத முடியாது. ஆனால் மைக்கில் உத்தரவு வரவே இல்லை.

பத்தாம் நாள் ஆயுதப்படைக்கு மாற்றல். ரோல் காலுக்கு ஏழு நிமிடம் தாமதம் என்று 3(பி) சார்ஜ், அதாவது துறை நடவடிக்கை, ஒரு வருட இன்கிரிமென்ட் போனது. என் மகள் அப்போது காலேஜ் முதல் வருடம், என் வீட்டம்மா இரண்டு வளையலை அடகு வைத்துப் பீஸ் கட்டினார். அதை மீட்கவே இல்லை, மூழ்கிப்போனது. வீரக்கதை சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணையும் மறுநாள் வேறு ஆள் விட்டு அழைத்துத்தான் வந்தார்கள். பகலில், பெண் காவலரோடு, ஊர்த் தலைவர் கூட வர. விளக்கு வைக்கும் முன் வீடு திரும்பிவிட்டார். என் சம்பளத்தில் நான் வாங்கிய வித்தியாசம் அந்த ஓர் இரவு. குறைவுதான்.

ஆகவே உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆகும். குவார்ட்டர்ஸ் போகும், பிள்ளை பள்ளிக்கூடம் மாறும், லோன் தவணை கழுத்தைப் பிடிக்கும். நமக்குச் சங்கம் கிடையாது, 1966 சட்டம் கையைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் சண்டை போடாமலே மறுக்க வழி உண்டு, அதை ஏட்டுகள்தான் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக, "எழுதிக் கொடுங்க அய்யா" என்று கேளுங்கள். "எந்தக் கிரைம் நம்பர்ல அய்யா எடுக்கணும்?" என்று கேளுங்கள். "ஜி.டி.ல ஏத்திட்டுக் கிளம்புறேன்" என்று சொல்லுங்கள். தப்பான உத்தரவுக்கு வெளிச்சம் ஆகாது, பாதி அங்கேயே அடங்கிவிடும். வாட்ஸ்அப் காலில் மட்டும் வருகிற உத்தரவு எதற்காக அப்படி வருகிறது என்று யோசியுங்கள். கூடவே நிற்கிற இன்னொருவரும் "ஆமா அய்யா" என்று ஒரு வார்த்தை சொன்னால் பாரம் பாதி குறையும். ஒருவனை ஆயுதப்படைக்குத் தூக்கலாம், ஒரு நிலையத்தையே தூக்க யோசிப்பார்கள்.

அதற்கும் மிஞ்சி அடி விழத் தொடங்கிவிட்டால் இந்த நாசூக்கெல்லாம் உதவாது. அப்போது கையைப் பிடிக்க வேண்டும், அல்லது வெளியே வந்து போன் போட வேண்டும். அதுவும் முடியவில்லையா, கேட்கிற மாஜிஸ்திரேட்டிடம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சாத்தான்குளத்தில் ஒரு பெண் தலைமைக் காவலர் அதைச் செய்தார். உடம்பு நடுங்க நடுங்கச் சொன்னார். அன்று அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த வழக்கு எங்கே போயிருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இதைப் படிக்கும் அய்யாமார்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைக்கும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசு ஒழித்துவிட்டது. 2022-ல் உயர் நீதிமன்றம் இன்னுமா ஒழியவில்லை என்று கேட்டது. நீங்கள் காய்கறி வாங்க அனுப்புகிற பையன், நாய் குளிப்பாட்டுகிற பையன், மாட்டேன் என்று சொல்லும் பழக்கத்தையே அங்கேதான் தொலைக்கிறான். நண்டு பெட்டியைத் தூக்கியவனிடம் ஒரு நாள் "நாலு வரி விட்டு எழுது" என்று சொல்லும்போது அவனுக்கு அது புது உத்தரவாகவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. 1996-க்கு முன்னால் நான் எத்தனை கூடை மீன் சுமந்திருக்கிறேன் என்று எனக்கல்லவா தெரியும்.

ஐஸ் பெட்டித் தம்பி, உங்கள் பெயர், நம்பர் எதையும் நான் குறிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. நீங்கள் போன பிறகு அந்த அம்மாவிடம் எண்ணூறு ரூபாய் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார், முந்தானையில் திணித்துவிட்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு ஏலக்கூடத்து வாசல் டீக்கடையில்தான் இருப்பேன். அந்த எண்ணூறை நீங்கள் தர வேண்டாம். அய்யாவிடம் கேட்டு வாங்கி வாருங்கள்.